மலைக்கால்

1. பலகை

முதல் நாள் பதினோரு பெண்கள் வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு பலகை போட்டு, டேப் ரெக்கார்டரை ஓடவிட்டு, "ம், ஏறுங்க" என்றேன். ஒருவர்கூட ஏறவில்லை.

பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பதினோரு பேரும் பலகையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். கடைசியில் முன்வரிசையில் நின்ற பத்மாவதி அம்மாள்தான் வாயைத் திறந்தார். அவர் கணவர் பாங்கில் மேனேஜர். அந்தப் பதினோரு பேரில் ஆறு பேரைக் கூட்டிவந்ததே அவர்தான். "மிஸ், இது மணை மாதிரி இருக்கே. இதுமேல ஷூ காலோட எப்படி ஏறறது?" என்றார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. பாட்டுக்கு ஏறி இறங்கி உடற்பயிற்சி செய்கிற ஸ்டெப் பலகையை அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். அதனால் செங்கல்பட்டு ஆசாரி ஒருவரிடம் படம் வரைந்து கொடுத்திருந்தேன். அவர் தன் வாழ்நாளில் மனிதர் ஏறி உட்காரும் பலகை என்று செய்தது மணைதான். நாலு ஓரத்தையும் இழைத்து, மெருகேற்றி, கல்யாணப் பெண் உட்காருகிற மாதிரி இருபத்தொரு மணை செய்து கொண்டுவந்து இறக்கிவிட்டார். அதிலும் நான் ஆறு இன்ச் உயரம் கேட்டிருந்தேன். அவர் வைத்தது ஒரு சாண். கேட்டதற்கு, "படின்னா இவ்ளோ ஒசரம் இருந்தாத்தாம்மா படி. நீ சொன்ன ஒசரம் பல்லாங்குழிக்குத்தான் ஆவும்" என்றார். திரும்பச் செய்யச் சொன்னால் இன்னும் ஒரு மாதம் இழுத்தடிப்பார் என்று விட்டுவிட்டேன்.

அன்று மத்தியானமே பழைய காரின் ரப்பர் மிதியடியை வெட்டி எல்லாப் பலகை மேலும் ஆணி அடித்தோம். மறுநாள் அது மணையாகத் தெரியவில்லை. எல்லோரும் ஏறினார்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். செய்யூர்ப் பக்கம் வேர்க்கடலை போடுகிற குடும்பம். பள்ளிக்கூடத்தில் கோகோ ஆடுவேன், அதைத் தவிர உடம்பைப் பற்றி எதுவும் தெரியாது. படிப்பு முடிந்ததும் மாமல்லபுரம் சாலையில் ஒரு கடற்கரை ரிசார்ட்டின் ஹெல்த் கிளப்பில் வேலை கிடைத்தது. துண்டு மடித்துக் கொடுக்கிற வேலைதான். குளிர்கால சீசனில் ஒரு வெள்ளைக்காரப் பயிற்சியாளர் அம்மாள் வந்து விருந்தாளிகளுக்கு ஸ்டெப் கிளாஸ் எடுப்பார். ஆள் குறைந்த நாளில் என்னையும் பின்னால் நிற்கச் சொல்வார். இப்படி மூன்று சீசன் பின்னால் நின்றே கற்றுக்கொண்டேன். தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டில் ஒரு ஜிம்மில் லேடீஸ் பேட்ச் ஆரம்பிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன்.

ஜிம் முதலாளி செல்வம். எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். பளு தூக்கிப் பெயர் வாங்கியவர், கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. கீழே ஆண்களுக்கான எடைகள், மாடியில் காலி ஹால். அந்த ஹாலைக் காட்டி, "மூணு மாசம் டைம். இருபது பேரு சேந்தா உனக்கு இந்த எடம். சேரலன்னா நான் மேலயும் வெயிட்டு போட்டுக்குவேன். இன்னா சொல்ற?" என்றார். நான் சரி என்றேன். எதிரில் இருந்த டீக்கடைக்காரர்கள் எட்டிப் பார்க்காமல் இருக்க ஜன்னல்களில் செய்தித்தாள் ஒட்டினோம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு, மத்தியானக் குக்கர் வைப்பதற்கு முன்னால் என்று கணக்குப் பார்த்து, பத்தரை முதல் பதினொன்றரை வரை பேட்ச் என்று முடிவாயிற்று.

2. வெள்ளிக்கிழமை

ஸ்டெப் ஏரோபிக்ஸ் பெரிய வித்தை இல்லை. ஒரு கால் மேலே, மறுகால் மேலே, ஒரு கால் கீழே, மறுகால் கீழே. நாலு கவுண்ட். இதுதான் பேசிக் ஸ்டெப். வி-ஸ்டெப், டர்ன் ஸ்டெப் எல்லாம் இதன் பிள்ளைகள். முதலில் மேலே போகிற காலுக்கு லீட் லெக் என்று பெயர். உடம்பின் மொத்த எடையையும் தூக்குவது அந்தக் கால். இறங்கும்போது முதலில் தரையில் இடிபடுவதும் அதே கால். ஆகவே கொஞ்ச நேரம் வலது லீட், கொஞ்ச நேரம் இடது லீட் என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ரிசார்ட் அம்மாள் ஒவ்வொரு கிளாஸிலும் இதைச் சொல்வார். என் நோட்டில் முதல் பக்கத்திலேயே "லீட் மாற்று" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவே முடியாது. அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

முதல் வாரம் வலது லீட் மட்டும் சொல்லிக்கொடுத்தேன். வெள்ளிக்கிழமை அன்று, "இப்ப இடது காலை முதல்ல வைங்க" என்றேன்.

பத்மாவதி நின்றுவிட்டார். அவர் நின்றதும் முன்வரிசை முழுக்க நின்றது.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா இடது காலை எடுத்து வெச்சு ஏறச் சொல்றீங்களே மிஸ்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நான் ஏதோ தெரியாமல் சொல்லிவிட்டேன் என்பது போல இதமாகத்தான் சொன்னார். "புது வீட்டுக்கு, கடைக்கு, எதுக்கும் வலது காலைத்தானே வைப்போம். நாங்க வலது காலே செய்யறோமே. உடம்பு இளைக்கிறதுக்கு எந்தக் காலா இருந்தா என்ன?"

இரண்டு பேர் "ஆமாம் மிஸ்" என்றார்கள். மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது முட்டி இல்லை, இருபது பேர். பத்மாவதி கிளம்பினால் ஆறு பேர் கூடவே கிளம்புவார்கள், மாஸ்டர் மாடிக்கு இரும்பை ஏற்றிவிடுவார். "சரி, வலதே செய்யுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அன்று ராகு காலத்தில் பாட்டு போட்டதைக்கூட அவர்கள் கண்டுகொள்ளவில்லை, கால்தான் அவர்களுக்குக் கணக்கு. பேட்ச் தப்பித்தது என்று எனக்கு ஒரே சந்தோஷம். வளைந்து கொடுக்கத் தெரிந்தவள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அதற்குப் பிறகு இடது லீட் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எதிரே நின்று கிளாஸ் எடுப்பவள் கண்ணாடி மாதிரி செய்ய வேண்டும். அவர்கள் வலது என்றால் நான் இடது. அதாவது எல்லா வெள்ளிக்கிழமையும் அவர்கள் கண்ணெதிரே இடது காலை வைத்து ஏறிக்கொண்டிருந்தவள் நான். பத்மாவதி உட்பட ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. நானும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

3. நிற்காமல் ஏற வேண்டும்

சொக்கம்மாள் இரண்டாவது மாதம் வந்து சேர்ந்தார். நாற்பத்தாறு வயது, கொஞ்சம் கனத்த உடம்பு, மகளுடைய சுடிதார், பள்ளிக்கூடத்து வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. விரல் நுனியெல்லாம் நாரால் அறுபட்ட கோடுகள். திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். பின்வரிசையில் மூலையில் போய் நின்றார்.

சேரும்போது எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பேன்: எத்தனை கிலோ குறைய வேண்டும்? அவர், "எனுக்கு எளைக்க வேணாம் மிஸ். நிக்காம மலை ஏறணும்" என்றார்.

அவர்கள் குடும்பத்துக்கு மலைக்கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுக்கிற பாத்தியதை. வருஷக்கணக்காகக் கணவர்தான் காலையில் பூக்கூடையோடு ஏறிக்கொண்டிருந்தார். அவர் காலமாகி ஒரு வருஷம். இப்போது இவர் ஏறுகிறார். ஐந்நூற்றுச் சொச்சம் படி. அவர்கள் வீட்டு வழக்கம், தலையில் ஏற்றிய கூடையை மேலே போய்த்தான் இறக்க வேண்டும். நடுவில் கீழே வைத்தால் அந்தப் பூ சாமிக்கு ஆகாது. இவருக்குப் பாதி மலையிலேயே மூச்சு வாங்கியது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே நின்று நின்று ஏறுவார், பூ போய்ச் சேர நேரமாகும். கொழுந்தனார் வேறு, "அண்ணிக்கு முடியலன்னா எம் பையன் பாத்துக்குவான்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். ஒருமுறை கை மாறினால் திரும்பி வராது என்று சொக்கம்மாளுக்குத் தெரியும். டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லவும், யாரோ எங்கள் ஜிம்மைக் காட்டியிருக்கிறார்கள்.

அவரைப் போல ஒரு ஸ்டூடண்ட் எனக்கு அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. கரண்ட் போய்ப் பாட்டு நின்றால் மற்றவர்கள் விசிறிக்கொள்வார்கள். சொக்கம்மாள் நான் கைதட்டுகிற கவுண்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். காலையில் மலை, பிறகு பஸ், பிறகு பலகை. சேர்ந்த ஏழாவது வாரம் ஒரு நாள் ஷூ கயிற்றைக்கூட அவிழ்க்காமல் நேராக என்னிடம் வந்தார். "மிஸ், இன்னிக்கி நிக்காம ஏறிட்டேன். ஒரு எடத்துலகூட நிக்கல. கொழுந்தனாரு கீழ நின்னு பாத்துகினே இருந்தாரு" என்றார். எனக்கு மெடல் கிடைத்த மாதிரி இருந்தது. அதே மாதத்தில்தான் பேட்சும் இருபதைத் தொட்டது. மாஸ்டர் மாடிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்ல டீச்சரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வாயில் அதற்குமேல் பாராட்டு வராது.

நான்காவது மாதம் சொக்கம்மாள் மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்தேன். கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல மிஸ், பஸ்ல நின்னுகினே வந்தேன்" என்றார். இன்னொருவர் வலது முட்டியில் தைலம் தடவிக்கொண்டு வந்தார். ஹாலே தைல வாசனை அடித்தது. வயசு, எடை, பலகையின் உயரம் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஆசாரியைக் கூப்பிட்டுப் பலகைக் கால்களை இரண்டு இன்ச் அறுக்கச் சொன்னேன். "அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார் அவர். அறுத்த பிறகும் தைல வாசனை போகவில்லை.

பிறகு சொக்கம்மாள் ஒரு வாரமாக வரவில்லை.

4. கூடை

ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறிப் போனேன். வீட்டுக் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார். வலது முட்டி இளநீர்க் காய் மாதிரி வீங்கியிருந்தது. எலும்பு டாக்டர் ஆறு வாரம் படி ஏறவே கூடாது என்றிருக்கிறார். அந்த வாரம் தெரிந்தவர்களைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூடையை மேலே அனுப்பியிருக்கிறார். "நாளையிலேந்து கொழுந்தனாரு பையன் எடுத்துகினு போவான்" என்றார். அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தார். "மூச்சு சரியா போச்சு மிஸ். முட்டிதான் இப்பிடிப் பண்ணிடிச்சி."

"நான் எடுத்துட்டுப் போறேன் அக்கா," என்றேன். யோசித்துச் சொன்னது இல்லை. ஏன் முட்டி இப்படி ஆயிற்று என்று அப்போதும் எனக்குத் தெரியாது. என் கிளாஸுக்கு வந்தவர், அவ்வளவுதான். கூடை அவர் வீட்டிலிருந்து கிளம்பினால் போதும், தூக்குவது யாராக இருந்தாலும் அது வீட்டார் இஷ்டம், பங்காளி கைக்குப் போனால்தான் திரும்பாது என்று முன்பே சொல்லியிருந்தார். கட்டிய சரத்தைக் கூடைக்குள் சுருட்டி வைத்தார். பிறகு, "குளிச்சிட்டு வா. நடுவுல இறக்கிடாத" என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போய், தலையில் கூடையோடு படி ஏறினேன். நான் தினமும் ஸ்டெப் எடுப்பவள், ஐந்நூறு படி எனக்கு என்ன பெரிய விஷயம் என்றுதான் நினைத்தேன். முந்நூறாவது படியில் தொடை இரண்டும் எரிந்தன. பழக்க தோஷத்தில் கவுண்ட் சொல்லிக்கொண்டே ஏறினேன். ஒன், டூ, த்ரீ, ஃபோர். வலது, இடது, வலது, இடது.

இரண்டு தொடையும் எரிகிறதே என்று அப்போதுதான் தோன்றியது. கிளாஸ் முடிந்தால் எனக்கு எரிவது இடது தொடை மட்டும்தான். மாதக்கணக்காக இடது மட்டும்தான். நான் அவர்களுக்குக் கண்ணாடி. எனக்கு இடது என்றால் அவர்களுக்கு வலது.

கணக்கு தானாக ஓடியது. எங்கள் பாட்டு நிமிடத்துக்கு நூற்றிருபது பீட். நாலு கவுண்டுக்கு ஒரு ஏற்றம் என்றால் நிமிடத்துக்கு முப்பது. அரை மணி நேரத்துக்குத் தொள்ளாயிரம். இந்த மலையில் ஒவ்வொரு காலுக்கும் இருநூற்றைம்பது சொச்சம் படிதான் வருகிறது. என் மாடியில் சொக்கம்மாளின் வலது கால் மட்டும் தினமும் தொள்ளாயிரம் முறை அவரைத் தூக்கியிருக்கிறது. அதுவும் மலையில் ஏறி இறங்கிய காலோடு வந்து, ஒரு சாண் பலகையில். அவருடைய மூச்சைச் சரிசெய்த கையாலேயே முட்டியைக் கெடுத்து வைத்திருந்தேன். நோட்டின் முதல் பக்கத்தில் அடிக்கோடு போட்டு எழுதிவைத்துவிட்டு, இருபது பேருக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அழுகை வந்தது. கூடையை இறக்கி வைக்கக் கூடாது. இரண்டு கையும் கூடையைப் பிடித்திருந்தன. முகத்தைத் துடைக்காமலேயே மீதிப் படிகளை ஏறினேன். மேலே கூடையை வாங்கிக்கொண்டவர் வேர்வை என்று நினைத்திருப்பார்.

கீழே கொழுந்தனார் நின்றுகொண்டிருந்தார். "ஏம்மா, நீ எங்க வூட்டுக்கு இன்னா ஒறவு?" என்று கேட்டார். "அவங்க முட்டி கெட்டதுக்கு நான்தான் காரணம்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து சொக்கம்மாளிடமும் அதையே சொன்னேன். லீட் லெக் என்றால் என்ன, வலது காலையே வைக்கவிட்டது ஏன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நார் கிழிப்பதை நிறுத்தவில்லை. "மலை ஏறும்போது இடது கால வூட்டாண்ட வெச்சிட்டா ஏறுவாங்க?" என்றார். "மொத அடி வலது. அதுக்கப்பறம் எந்தக் காலு எங்க கீதுன்னு யாரு பாக்கறது?"

5. மலைக்கால்

அன்று பத்தரைக்கு நான் பாட்டு போடவில்லை. எல்லோரையும் பலகை மேல் உட்காரச் சொன்னேன். மணைக்கு அன்றுதான் மரியாதை கிடைத்தது. யாருக்கெல்லாம் வலது முட்டி வலிக்கிறது என்று கேட்டேன். முதலில் ஒருவர் கை தூக்கினார், பிறகு ஒருவர், மொத்தம் ஏழு பேர். ஏழாவது கை பத்மாவதியுடையது. அவர் ஒரு மாதமாகத் தைலம் தடவிக்கொண்டிருந்தார், வயசாகிவிட்டது என்று நினைத்துக் கணவரிடம்கூடச் சொல்லவில்லையாம்.

நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். எனக்கு மாஸ்டர் முகமும் மாடிக்கு ஏறுகிற இரும்பும் ஞாபகம் வந்தன. ஆனாலும் சொல்லி முடித்தேன். கடைசியில் சொக்கம்மாள் சொன்னதையும் அவர் பெயரைச் சொல்லியே சொன்னேன்: மலையில் முதல் அடி வலது, அதற்கப்புறம் யாரும் பார்ப்பதில்லை.

பத்மாவதி முட்டியைத் தேய்த்துக்கொண்டே சற்று யோசித்தார். "சாமி மலைக்கே அப்படின்னா, மாஸ்டர் மாடிக்கு என்ன," என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மூன்று பேர் மறுநாளிலிருந்து நின்றுவிட்டார்கள், அதையும் மறைக்க வேண்டியதில்லை. பதினேழு பேர்தான் மிச்சம் என்று மாஸ்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "வெயிட்டு தூக்கறவன் ஒரு கையாலயே தூக்கினா இன்னா ஆவும்னு எனுக்குத் தெரியாதா? எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாம் இல்ல?" என்று கத்தினார். இடத்தைப் பற்றி அவர் அப்புறம் பேசவே இல்லை.

வலி இருந்தவர்களை இரண்டு வாரம் ஓய்வெடுக்கச் சொன்னேன். மற்றவர்களுக்குத் தினமும் முதல் அடி வலது. எட்டு முறை ஆனதும் தரையில் ஒரு தட்டு தட்டி மாறினால் இடது. "இடது" என்று கத்தினால் சிலருக்கு இன்னும் கால் கூசியது. அதனால் "மலைக்கால்" என்று கத்த ஆரம்பித்தேன். அது பிடித்துக்கொண்டது. "மிஸ், மலைக்கால் சொல்ல மறந்துட்டீங்க" என்று பத்மாவதியே நினைவுபடுத்துவார்.

ஆறு வாரமும் கூடையை நான் தூக்கினேன். முதல் பஸ், மலை, திரும்பி வந்து கிளாஸ். இரண்டு நாள் மழையில் பஸ் தாமதமாகிப் படிகளில் ஓடியே ஏறினேன். ஒரு நாளும் பூ தவறவில்லை, ஒரு நாளும் கூடையை இறக்கவில்லை. இதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கெடுத்தவள் கொஞ்ச நாள் சுமந்தாள், அவ்வளவுதான்.

ஏழாவது வாரம் சொக்கம்மாள் தானே ஏறினார். நான் வெறுங்கையோடு பின்னால் போனேன். ஏறும்போது நிற்கவில்லை. இறங்கும்போதுதான் பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கினார். அப்படி இறங்குவது பிறகு மாறவே இல்லை. பாத்தியதை அவரிடமே இருந்தது. முட்டி பழையபடி ஆகவில்லை. இரண்டுமே உண்மை.

6. பின்வரிசை

அதன் பிறகு நாவலூரில் ஒரு பெரிய ஜிம்முக்கு மாறினேன். அங்கே நிஜமான பிளாஸ்டிக் ஸ்டெப், உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கழுத்தில் அடையாள அட்டை தொங்க வருகிற கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்கள், எந்தக் காலுக்கும் நாள் நட்சத்திரம் பார்க்காதவர்கள். அங்கும் நான் "மலைக்கால்" என்றுதான் கத்தினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, சொன்னால் மாறிக்கொள்வார்கள்.

ஒரு லீவு நாளில் திருக்கழுக்குன்றம் போனேன். சொக்கம்மாள் காலையில் ஏறி இறங்கிவிட்டு, மறுநாளுக்கான நாரைத் தண்ணீரில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். காபி கொடுத்தார். கூடத்துப் படியில் பக்கவாட்டில் திரும்பி இறங்கித் தம்ளரை வைத்ததைப் பார்த்ததும், பல வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன். "அக்கா, எம் மேல கோவம் இருக்கா?"

"கோவம் இன்னா கோவம்," என்றார். "ஒண்ணே ஒண்ணு சொல்லட்டா? வலது காலுதான் வேணும்னு சொன்னது பேங்க் அம்மா. அதுவும் நான் சேர்றதுக்கு முன்ன. நான் வந்து பின்னாடி மூலைல நின்னேன். எங்கிட்ட நீ கேக்கவே இல்லியே மிஸ். சொல்லியிருந்தா நான் இடது காலாலயும் ஏறியிருப்பேன்" என்றார்.

குரலில் மனக்குறை எதுவும் இல்லை. காபி ஆறுகிறது என்றார். ஊர் வழக்கம், பெண்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அத்தனை காலமும் நான் சொல்லிக்கொண்டிருந்தது, முன்வரிசையில் ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை சொன்ன வார்த்தை. இருபது பேருக்கும் அதுதான் பதில் என்று நானாக எழுதிக்கொண்டேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். ஒன்று தெரிந்தால் சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்கிறவர் கோபித்துக்கொள்ளட்டும். முன்வரிசை எப்போதும் தானாகப் பேசும். அன்றிலிருந்து நான் எந்தக் கிளாஸிலும் பாட்டு போடுவதற்கு முன்னால் நேராகப் பின்வரிசை மூலைக்குப் போய்விடுகிறேன். அங்கே நிற்பவரிடம் முதலில் முட்டியைப் பற்றித்தான் கேட்கிறேன்.